மலையில் எற்பாடு

கொடைக்கானலுக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். மூன்று தடவையும் பிற்பகல் நாலு மணிக்கு மேல்தான் போய்ச் சேர முடிந்தது. இதில் என் விருப்பம் என்று எதுவுமில்லை. தாம்பரத்தில் விடிகாலை ரயிலைப் பிடித்தால் திண்டுக்கல்லில் இறங்கும்போது நண்பகல் ஆகிவிடுகிறது. அங்கிருந்து பேருந்து, வத்தலக்குண்டு, பிறகு மலைப்பாதை. எப்படிக் கூட்டினாலும் நாலு. பிரயாணக் கட்டுரை எழுதுகிறவர்கள் விடியற்காலையில் பனிமூட்டத்துக்குள் போய் இறங்குகிறார்கள். அல்லது நள்ளிரவில் இறங்கித் தூங்கி, மறுநாள் ஜன்னலைத் திறந்து பிரமிக்கிறார்கள். நாலு மணிக்கு வந்து சேருகிறவனைப் பற்றி யாரும் எழுதிப் படித்த ஞாபகம் இல்லை. அவன் கையில் பகல் இல்லை, இரவும் இன்னும் வந்தபாடில்லை. இருப்பது ஒன்றரை மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேர வெளிச்சம். அதை என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் வசிக்கும் வடக்குப்பட்டில் நாலு மணி யாரும் பார்க்கிற வேளை அல்ல. ஒரகடத்தைச் சுற்றிக் கார் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள், மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள். ஷிஃப்ட் மாறும் பிற்பகலில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். ஜன்னலோரத்தில் வாய் பிளந்து தூங்குகிற இருபது வயது முகங்களின் மேல் வெயில் விழுந்துகொண்டிருக்கும்; அவர்களுக்குத் தெரியாது. வங்கியில் நான் அந்நேரம் கேஷ் டாலி ஆகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணாடிக் கதவு வழியே வெயில் சாய்ந்து வந்து கௌண்டர்மேல் ஏறி, எனக்கு முன்னால் கொஞ்சம் நின்று, இறங்கிப் போய்விடும். 2022இல் இந்தியத் தொல்லியல் துறை எங்கள் ஊரில் தோண்டியபோது கற்கருவிகள் கிடைத்தன. அவற்றைச் செதுக்கியவனுக்கு நாலு மணி வெயில் ஏதோ ஒரு விதத்தில் உபயோகப்பட்டிருக்கும். இருட்டுவதற்குள் திரும்ப எவ்வளவு நேரம் என்பதை அதை வைத்துத்தான் அளந்திருப்பான். எனக்கு அது நூறு ரூபாய் இடிக்கிற நேரம். அவ்வளவுதான். ஆகவே மலையூரில் நாலு மணிக்கு இறங்குவது எனக்கு இரட்டைச் சங்கடம். பழக்கமில்லாத இடம், அதில் பழக்கமில்லாத வேளை.

நம் மலைவாசஸ்தலங்கள் இரவல் சரக்கு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சமவெளியின் நோய்களுக்குப் பயந்த அமெரிக்க மிஷன்காரர்கள் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். 1863இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் ஏரியை உண்டாக்கினார். 1872இல் லெஃப்டினன்ட் கோக்கர் மலை விளிம்பை ஒட்டி ஒரு நடைபாதை போட்டார். ஏரி, படகு, உலாவுவதற்கென்றே ஒரு பாதை, மாலையில் தேநீர் எல்லாம் ஐரோப்பிய மலையூர்களின் சம்பிரதாயங்கள். ஆல்ப்ஸில் ஜூன் மாதம் நாலு மணிக்கு இறங்குகிறவனுக்கு ஒன்பது மணிவரை சூரியன் இருக்கிறது. அறைக்குப் போய், குளித்து, உடை மாற்றி, கடிதம்கூட எழுதிவிட்டு வெளியே வரலாம். (அங்கே டிசம்பரில் நிலைமை தலைகீழ் என்பது வேறு.) கொடைக்கானல் இருப்பதோ பத்து டிகிரி அட்சரேகையில். ஆண்டின் மிக நீண்ட பகலிலும் ஏழுக்கு முன்பே சூரியன் போய்விடும். டிசம்பரில் ஆறு அடித்ததும் போய்விடும். அதற்குப் பிறகு வருகிற அந்தி வெளிச்சமும் இருபது, இருபத்தைந்து நிமிஷம்தான். இங்கே சூரியன் சறுக்கிக்கொண்டு போவதில்லை. ஏறக்குறைய நேராக விழுகிறது. மலையைக் கண்டார்கள், குளிரைக் கண்டார்கள், ஏரியை வெட்டினார்கள். அந்தியை மட்டும் கப்பலில் ஏற்றிக்கொண்டுவர முடியவில்லை.

அவர்களும் நாலு மணிக்கு வந்து சேர்ந்தவர்கள் அல்ல என்றுதான் நினைக்கிறேன். அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கி, இரவெல்லாம் மாட்டு வண்டியில் போய், மலையடிவாரத்துத் தோப்பிலிருந்து வெயில் ஏறுமுன் குதிரையிலும் கூலிகள் தூக்கிய நாற்காலியிலும் மேலே போனவர்கள். பிற்பகல் வருகை மோட்டார் பஸ் கொண்டுவந்தது. நமக்கென்று ஏற்பட்டது.

நம்முடைய பழைய இலக்கணத்திலும் இதற்கு இடமில்லை என்பதுதான் எனக்கு ஸ்வாரஸ்யமாகப் படுகிறது. தொல்காப்பியத்தில் மலைக்கு உரிய சிறுபொழுது யாமம். குறிஞ்சித் தலைவன் நடு இரவில், யானை நடமாடும் வழியில், மழையில் நனைந்து வருகிறவன். எற்பாடு, அதாவது பொழுது சாயும் வேளை, நெய்தலுக்குப் போய்விட்டது. கடற்கரையில் இருந்து இரங்குகிறவர்களுக்கு உரியது அது. மாலை முல்லைக்கு. மலையில் எற்பாடு என்று ஒன்று திணைக் கணக்கில் கிடையாது. திணை மயக்கம், பொழுது மயங்கி வரலாம் என்றெல்லாம் தமிழ் வித்வான்கள் சமாதானம் சொல்லக்கூடும். சொல்லட்டும். நாலு மணிக்குக் கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் பையோடு நிற்கிறவனுக்கு மரபு துணைக்கு வராது என்பது என் அனுபவம்.

முதல் தடவை போனது 2017இல், ஒரு நண்பரோடு. பெயர் வேண்டாம், இந்தப் பக்கங்களைப் படிக்கிற நூற்றைம்பது பேரில் பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கும். அப்போது அவர் கவிதைகள் புத்தகமாக வந்திருக்கவில்லை. பெருங்களத்தூரில் இரவு ஏறிய பஸ் விழுப்புரத்துக்கு அப்பால் நின்றுவிட்டது. ஆக அந்தத் தடவையும் நாலு. வழியில் வத்தலக்குண்டில் ஒரு பத்து நிமிஷமாவது இறங்குவது என்று தீர்மானித்திருந்தோம். ராஜம் அய்யரின் ஊர், பி. எஸ். ராமையாவின் ஊர், சி. சு. செல்லப்பாவின் ஊர். தமிழ் நாவலின் தொடக்கத்தில் ஒருவர், மணிக்கொடியில் ஒருவர், எழுத்துவில் ஒருவர். ஒரு சின்ன ஊர் இதற்குமேல் என்ன செய்ய முடியும்? பஸ் மாறித் திண்டுக்கல்லை விட்டதும் புதுக்கவிதையில் படிமம் பற்றிப் பேச்சு ஆரம்பித்தது. செல்லப்பாவின் விமர்சன முறையில் ரசனை எங்கே முடிகிறது, அலசல் எங்கே தொடங்குகிறது என்று அது எங்கெங்கோ போயிற்று. காது அடைத்தபோதுதான் நான் கண்டக்டரிடம் வத்தலக்குண்டு எப்போது வரும் என்று கேட்டேன்.

"வத்தலக்குண்டா? அது தாண்டி எம்புட்டு நேரமாச்சு. இது ஊத்து. டீ குடிக்கணும்னா இறங்கிக் குடிங்க."

1790இல் வேர்ட்ஸ்வொர்த் ஆல்ப்ஸைக் கால்நடையாகக் கடக்கப் போனார். எதிரே வந்த ஒரு குடியானவனிடம் வழி கேட்கப்போய், கணவாயின் உச்சியை ஏற்கெனவே கடந்தாகிவிட்டது, இனி இறக்கம்தான் என்று தெரிந்துகொண்டார். பி.ஏ. வகுப்பில் இதைப் படித்தபோது அந்த ஏமாற்றம் கொஞ்சம் மிகையாகத் தோன்றிற்று. ஊத்தில் டீ குடிக்கும்போது மிகையாகத் தோன்றவில்லை. செல்லப்பாவைப் பற்றிப் பேசிப் பேசியே செல்லப்பாவின் ஊரைத் தவறவிட்டிருந்தோம். நண்பர் வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பின்னால் சொன்னார்.

கொடைக்கானலில் இறங்கியபோது நாலேகால். சமவெளியில் முந்நூறு மீட்டர் உயரத்தில் இருந்தவர்கள் இரண்டாயிரத்து நூறுக்கு வந்திருந்தோம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்குக் குறையாமல் இறங்கும் என்பது கணக்கு. முதுகில் வியர்வை காயாத சட்டையோடு அந்தக் குளிர் ஒரு தினுசாக இருந்தது. லாட்ஜ் தேட வேண்டும் என்றேன். நண்பர் கேட்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கோக்கர்ஸ் வாக்குக்கு நடந்தார். பேருந்து நிலையத்திலிருந்து பத்து நிமிஷ நடை. அவர் செய்தது சரி என்று இப்போது சொல்வேன். அப்போது எரிச்சலாக இருந்தது.

பிற்பகலில் கொடைக்கானல் வானம் கெட்டுப்போகும். காலை வெயிலில் சூடான பள்ளத்தாக்குகளிலிருந்து ஈரக்காற்று மேலேறி மேகமாகத் திரண்டு விளிம்பில் வந்து முட்டும். 1899இல் அங்கே அமைந்த சூரிய ஆய்வகத்துக்காரர்களுக்குக் காலைதான் நல்ல நேரம். 1909 ஜனவரியில் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்கிறது என்று அந்த ஆய்வகத்தில்தான் கண்டுபிடித்தார். அவர்கள் மூட்டைகட்டுகிற நேரத்தில்தான் எங்கள் பகல் ஆரம்பமாயிற்று. ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையிலிருந்து பார்த்தால் சமவெளி தெரியும் என்பார்கள். தெரியவில்லை. கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் வெள்ளையாக ஒன்றுமில்லாமை. ஐந்து மணி இருக்கும். எங்கள் முதுகுக்குப் பின்னால், மேற்கே, மேகத்தில் ஓர் இடைவெளி விழுந்து வெயில் வந்தது. எங்கள் நிழல்கள் தரையில் விழாமல், எதிரே இருந்த மூடுபனியில் போய் நின்றன. நீண்டு, கால்கள் எங்கோ கீழே போய்க் குறுகி. என் நிழலின் தலையைச் சுற்றி ஒரு வட்டம். உள்ளே வெளிறிய மஞ்சள், ஓரத்தில் சிவப்பு.

"உன் தலையச் சுத்தி ஒண்ணும் காணமே," என்றார் நண்பர். "என்னோடதுலதான் இருக்கு."

"என்னோடதுலதான் இருக்கு," என்றேன்.

இரண்டு பேரும் சொன்னது நிஜம். ஜெர்மனியின் ப்ராக்கன் சிகரத்தின் பெயரை வைத்துச் சொல்லப்படுகிற இந்தத் தோற்றத்தின் விதி அது. பனித்துளிகள் வெளிச்சத்தை வந்த திசையிலேயே திருப்பி அனுப்புகின்றன. ஆகவே வட்டத்தின் மையம் எப்போதும் பார்க்கிறவனின் தலை. மூன்று நிமிஷம் இருந்திருக்குமா? மேகம் மூடிற்று. நண்பரிடமும் என்னிடமும் கைபேசி இருந்தது. படம் எடுக்கத் தோன்றவில்லை. அல்லது அவர் எடுக்காததால் நானும் எடுக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை நின்றோம். அன்று பேசியது எதுவும் ஞாபகமில்லை, ஒன்றும் பேசவில்லை என்பதால் இருக்கலாம்.

நாலு வருஷம் கழித்து அவருடைய தொகுப்பு வந்தது. மதிப்புரை எழுதினேன். இந்தப் பத்திரிகையில் அல்ல. தொகுப்பில் பாதிக்குமேல் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் கவிதைகள் என்பது என் அபிப்பிராயம். அதைச் சொல்ல எனக்கு வாதங்கள் இருந்தன, உதாரணங்கள் இருந்தன. அவற்றோடு நிறுத்தியிருக்கலாம். மலை விளிம்பில் மூடுபனியில் தெரியும் ஒளிவட்டத்தை விவரித்துவிட்டு, "இந்தக் கவிதைகளில் ஒளி இருக்கிறது, ஆனால் அது பார்க்கிறவன் தலையை மட்டும் சுற்றுகிற ஒளி, பக்கத்தில் நிற்பவனுக்கு அதில் பங்கில்லை" என்று முடித்தேன். கோல்ரிட்ஜையும் துணைக்கு இழுத்தேன். 1799இல் அவர் இதைப் பார்க்கவென்று ப்ராக்கன் மலை ஏறி, காணாமல் இறங்கி, பிற்பாடு கவிதையில் மட்டும் உபயோகித்துக்கொண்டவர். ஒருவருக்கும் தெரியாத ஒரு சாயங்காலத்தை எடுத்து, அதிலிருந்த இன்னொரு ஆளின்மேலேயே எறிந்தேன் என்பது எனக்கு எழுதும்போதே தெரியும். வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது. அதை விட மனசில்லை. மூன்று பேர் அதை மட்டும் குறிப்பிட்டுப் பாராட்டினார்கள்.

ஒரு வாரத்தில் அவரிடமிருந்து கார்டு வந்தது. ஒரே வரி. "உன் நிழல் என் பக்கத்தில்தான் இருந்தது." விமர்சனத்துக்குப் பதில் இல்லாத கவிகள் எழுதுகிற உருக்கமான வரி என்று அதை ஒதுக்கினேன். பேச்சு நின்றுபோயிற்று.

இரண்டாவது தடவை குடும்பத்தோடு. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆனால் உபயோகமானது அதுதான். கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தை இரண்டு முறை வாந்தி எடுத்தாள். நாலரைக்கு லாட்ஜ். வெந்நீருக்குச் சொல்லி, அது வராமல், மறுபடி சொல்லி, வந்து, குளித்து, காப்பி வரவழைத்துக் குடித்துவிட்டுக் கதவைத் திறந்தால் இருட்டு. ஏரிக்கரையில் மக்காச்சோளக் கடை விளக்குகள். "இதுக்குத்தான் இவ்வளவு தூரமா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. தெரிந்துகொண்டதை எழுதிவைக்கிறேன். ஸ்வெட்டரைப் பையின் மேலாக வைத்து, பெருமாள்மலையிலேயே போட்டுக்கொண்டுவிட வேண்டும். இறங்கியதும் அறைக்குப் பை மட்டும் போகலாம், ஆள் போகக் கூடாது. உட்கார்ந்தால் போயிற்று. வண்டி பிடித்து எட்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள தூண் பாறைக்கு ஓடுவதும் வீண். அந்நேரத்துக்கு அது மேகத்துக்குள் இருக்கும். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் நடப்பது சிலாக்கியம். அதைவிடச் சிலாக்கியம் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விளிம்பில் ஓரிடத்தில் நிற்பது. பார்க்க ஒன்றும் இல்லாமல் போனாலும் காப்பி பிறகு நன்றாக இருக்கும்.

மூன்றாவது தடவை, இந்த ஜனவரியில், தனியாக. குடியரசு தினத்தை ஒட்டி மூன்று நாள் விடுமுறை. 2024 மே முதல் சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்று ஏற்பட்டிருக்கிறது. பஸ்ஸில் போகிற எனக்கு அந்தக் கவலை இல்லை. அப்படியும் பெருமாள்மலைக்கு மேல் வண்டிகள் எறும்பாக ஊர்ந்தன. நாலரை ஆகிவிட்டது. ஏன் போனேன் என்று மனைவி கேட்டதற்கு ஓய்வு வேண்டும் என்றேன். பையோடு நேராகக் கோக்கர்ஸ் வாக்.

கூட்டம். எல்லோரும் வெள்ளைப் பனியைப் பார்த்து, ஒன்றும் தெரியவில்லை என்று குறைபட்டுக்கொண்டு திரும்பினார்கள். ஐந்தேகாலுக்குப் பின்னாலிருந்து வெயில் வந்தது. என் நிழல், வட்டம். எட்டு வருஷத்துக்கு மேல் ஆகியும் அதே மாதிரி, வயதாகாமல். எனக்குப் பக்கத்தில் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் தோளில் கை போட்டபடி நின்றிருந்தார்கள். வட்டம் யாருடையது என்று அதே சண்டை. ஒருவன் படம் எடுத்தான். பெரிதாக்கிப் பார்த்தான்.

"டேய், ரெண்டு பேருமே உள்ளதான்டா இருக்கோம்."

காட்டச் சொல்லிக் கேட்டேன். "பாருங்க சார்," என்று நீட்டினான். வட்டத்தின் நடுவே கைபேசியைத் தூக்கிப் பிடித்த கையின் நிழல். பக்கத்தில், வட்டத்துக்குள்ளேயே, மற்றவனின் தலை. சிவப்பு ஓரம் அந்தத் தலையையும் தாண்டித்தான் போயிற்று.

வங்கிக் குமாஸ்தாவுக்குக் கணக்கு பெரிய விஷயமல்ல. பெஞ்சில் உட்கார்ந்து பஸ் டிக்கெட்டின் பின்புறம் போட்டுப் பார்த்தேன். வட்டம், மையத்திலிருந்து ஓரம்வரை, பல டிகிரி அகலம். பனி முப்பது மீட்டர் தள்ளி இருந்து, இரண்டு பேர் ஒரு மீட்டர் இடைவெளியில் நின்றால், இருவர் தலைகளுக்கும் இடையே இரண்டு டிகிரிகூட வராது. நானும் நண்பரும் அதைவிடக் கிட்டே நின்றோம். அப்படியானால் அன்று என் வட்டத்துக்குள் அவர் தலையும், அவர் வட்டத்துக்குள் என் தலையும் இருந்திருக்கின்றன. ஆளுக்கொரு தனி வட்டம் இருக்க வேண்டும் என்று தேடியதால் இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை. மையம் அவரவர் தலை என்பது மட்டும்தான் விதி. பக்கத்தில் நிற்பவனுக்குப் பங்கில்லை என்பது நான் சேர்த்தது.

தொகுப்பைப் பற்றிய என் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சில கவிதைகள் இன்றும் எனக்குச் சுயமோகமாகவே படுகின்றன. உதாரணங்கள் அப்படியே இருக்கின்றன. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் தகவல் பிழை. கௌண்டரில் இப்படி ஒன்று செய்திருந்தால் அன்று சாயங்காலமே டாலியில் தெரிந்திருக்கும். மதிப்புரையில் தெரிய ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது. கார்டில் எழுதியது உருக்கமும் அல்ல. அவர் பார்த்ததைச் சொன்னார். அல்லது பார்க்காமலே சரியாகச் சொன்னார். கவி அப்படிச் செய்துவிடுவதுண்டு.

இருபது நிமிஷத்தில் இருட்டிற்று. பையன்கள் படத்தை எனக்கு அனுப்பவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

திரும்பும்போது வத்தலக்குண்டுக்கு டிக்கெட் எடுத்து, தூங்காமல், பேச ஆள் இல்லாததால் தவறவிடாமல், இறங்கினேன். இரண்டு மணி நேரம் இருந்தேன். வாழைப்பழ மண்டி, வெற்றிலைக் கூடைகள், பஸ் ஹாரன். யாரிடமும் எதுவும் விசாரிக்கவில்லை. புத்தகப் பைகளைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்ற ஒரு மனிதர் இந்தத் தெருக்களில் எதிலோ பையனாக ஓடியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு கடைத்தெருவில் முன்னும் பின்னும் நடந்தேன். டீ நன்றாக இருந்தது. நாலு மணி வெயில் ரோட்டில் நீளமாகக் கிடந்தபோது திண்டுக்கல் பஸ் வந்தது.

இந்தக் கட்டுரையை ஆசிரியரிடம் கொடுத்தபோது ஒன்று மட்டும் கேட்டேன். நண்பர் சந்தாவைப் புதுப்பித்திருக்கிறாராம். விலாசம் பழையதுதான்.